வேறு துறையிலிருந்து உளவியல் மேற்படிப்புக்கு: எந்தப் பாடங்களை, எந்த வழியில் படிப்பது?

கணினி, வணிகம், ஆசிரியப் பணி, செவிலியர் பணி என்று ஏதோ ஒன்றில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு உளவியலில் மேற்படிப்புக்குப் போக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "இன்னொரு இளங்கலைப் பட்டம் வாங்கியாக வேண்டுமா?" என்பதுதான். பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிலில் நிம்மதியடைந்து, கைக்குக் கிடைத்த இரண்டு ஆன்லைன் சான்றிதழ்களோடு விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு ஓராண்டு வீணாகிவிடுகிறது. முழுப் பட்டத்துக்கும் வெறும் சான்றிதழுக்கும் நடுவே நல்ல வழிகள் சில இருக்கின்றன. எது யாருக்குப் பொருந்தும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அது பின்னால் வர வேண்டிய கணக்கு. முதலில், போய்ச் சேர வேண்டிய படிப்பு என்ன கேட்கிறது என்று பாருங்கள். அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழி மூன்று விஷயங்களைத் தருகிறதா என்று பாருங்கள்: பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலில் ஏறும் கிரேடு, புள்ளியியலும் ஆய்வு முறையியலும் வரிசை மாறாமல் படிக்கிற வாய்ப்பு, உங்களை நேரில் அறிந்த ஓர் ஆசிரியர். முதல் இரண்டும் பணம் கட்டினால் பெரும்பாலும் கிடைக்கும். மூன்றாவதுதான் அரிது. வழிகளுக்கு இடையே உள்ள உண்மையான வித்தியாசமும் அதில்தான் இருக்கிறது.

போகிற இடம் என்ன கேட்கிறது

மேற்படிப்பில் சேர்க்கும் விதிகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, பாடங்களை எண்ணிப் பார்ப்பது. அமெரிக்காவின் முதுகலை, முனைவர் படிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். எந்தத் துறையில் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி, குறிப்பிட்ட சில உளவியல் பாடங்களை நல்ல கிரேடோடு முடித்திருக்க வேண்டும். அறிமுக உளவியல், புள்ளியியல், ஆய்வு முறையியல், பிறழ்நிலை உளவியல் (மனநலக் கோளாறுகளைப் பற்றியது) ஆகிய நான்கும் திரும்பத் திரும்ப வரும். இவற்றோடு வளர்ச்சி, சமூக, அறிகை (நினைவு, கவனம், சிந்தனை பற்றியது), உயிரியல் உளவியலில் ஒன்றோ இரண்டோ கேட்பார்கள். பாடத்துக்கு 3 கிரெடிட் என்று வைத்தால் மொத்தம் 15 முதல் 18 கிரெடிட். துறைக்குத் துறை பட்டியல் மாறும். ஒரே பல்கலைக்கழகத்தில் ஆற்றுப்படுத்தல் (கவுன்சலிங்) படிப்பு ஒன்று கேட்கும், மருத்துவ உளவியல் படிப்பு வேறொன்று கேட்கும்.

இரண்டாவது வகை, அங்கீகாரம் பெற்ற படிப்பையே கேட்பது. பிரிட்டனில் மருத்துவ உளவியல் முனைவர் படிப்புக்கு, பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் பட்டயத் தகுதிக்கான பட்டதாரி அடிப்படை என்னும் தகுதி இருக்க வேண்டும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று ஆறு பாடங்களைச் சேர்த்து அதைப் பெற முடியாது. சங்கம் அங்கீகரித்த ஒரு முழுப் படிப்பை முடித்தால்தான் வரும். பிற துறைப் பட்டதாரிகளுக்கென்றே அங்கே மாற்றுப் பட்டப்படிப்புகள் நடக்கின்றன. முழுநேரமாகப் படித்தால் ஓராண்டு, பகுதிநேரமென்றால் வழக்கமாக இரண்டாண்டு. உயிரியல், அறிகை, வளர்ச்சி, சமூகம், தனிமனித வேறுபாடுகள், ஆய்வு முறை, உளவியலின் வரலாறும் கருத்தாக்கங்களும் என்று எல்லாவற்றையும் தொட்டு, சொந்தமாக ஓர் ஆய்வும் செய்து முடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் இதே போக்குதான். அங்கீகாரம் பெற்ற பட்டதாரி டிப்ளமா, அதன்பின் நான்காம் ஆண்டு என்று சொல்லப்படும் இன்னொரு படிப்பு, அதன்பின்தான் முதுகலை. டிப்ளமாவை முடித்ததுமே முதுகலைக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நடுவில் இருக்கும் அந்த நான்காம் ஆண்டைத் தவறவிடுகிறார்கள். அதற்கு இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

மூன்றாவது வகை, பட்டத்தின் பெயரைப் பார்ப்பது. இந்தியாவில் சில பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டதாரியையும் எம்.ஏ. உளவியலில் சேர்த்துக்கொள்கின்றன, சில இளங்கலை உளவியலைக் கேட்கின்றன. மருத்துவ உளவியலுக்கான தொழில்முறைப் பயிற்சிக்கோ பெரும்பாலும் உளவியலில் முதுகலைப் பட்டமே வேண்டும். தனியாக எடுத்த ஆறு பாடங்களுக்கு அங்கே மதிப்பில்லை. படிக்கும் முறையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கை முதல் உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டுவிட்டது.

எந்த நாட்டில் படித்து எங்கே தொழில் செய்யப் போகிறீர்கள் என்பதை இப்போதே தீர்மானிக்கச் சொல்வது இதனால்தான். ஒரு வகைக்காகச் சேர்த்த பாடங்கள் இன்னொரு வகையில் செல்லாமல் போகும்.

"உளவியல் மேற்படிப்பு" என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். மக்களோடு உட்கார்ந்து பேசி உதவுவதுதான் நோக்கம் என்றால் ஆற்றுப்படுத்தல் முதுகலைக்கும் சமூகப்பணி முதுகலைக்கும் முன்பாடத் தேவை, அதாவது சேர்வதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடங்கள், மிகக் குறைவு. சமூகப்பணிக்குப் பல இடங்களில் உளவியல் பாடமே கேட்பதில்லை. அங்கே போக வேண்டியவர் அறிகை உளவியலுக்கும் ஆய்வக வகுப்புக்கும் இரண்டாண்டு செலவழிப்பது வீண். மாறாக, முனைவர் படிப்புக்குப் போகிறவர் நான்கு பாடங்கள் போதும் என்று நினைத்தால், விண்ணப்பம் முதல் சுற்றிலேயே நின்றுவிடும். அங்கே பாடங்கள் உள்ளே நுழைய உதவுமே தவிர, இடம் கிடைப்பது ஆய்வு அனுபவத்தைப் பொறுத்தது.

நான்கு பாடங்கள், ஒரு சங்கிலி

அறிமுக உளவியல் இல்லாமல் மற்ற எதற்கும் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. புள்ளியியல் இல்லாமல் ஆய்வு முறையியலில் சேர முடியாது. ஆய்வு முறையியல் இல்லாமல் ஆய்வக வகுப்போ ஆய்வேடோ கிடையாது. ஆகவே எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் இந்தச் சங்கிலிக்குக் குறைந்தது இரண்டு செமஸ்டர், சாதாரணமாக மூன்று. பிறழ்நிலை, சமூகம், வளர்ச்சி எல்லாம் இந்தச் சங்கிலியின் பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் பொருந்திக்கொள்ளும். அவற்றை முதலில் எடுத்துவிட்டுப் புள்ளியியலைத் தள்ளிப்போடுவதுதான் வேலை மாறுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு. பிறழ்நிலை உளவியல் சுவையானது, புள்ளியியல் பயமுறுத்துவது. பயம் புரிகிறது. ஆனால் தள்ளிப்போட்ட புள்ளியியல் மொத்தத் திட்டத்தையும் ஓராண்டு பின்னுக்கு இழுத்துவிடும்.

புள்ளியியலிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. பொறியியலிலோ வணிகவியலிலோ ஏற்கெனவே புள்ளியியல் படித்தவர்கள் "அது போதுமே" என்று விட்டுவிடுகிறார்கள். சில துறைகள் ஏற்றுக்கொள்ளும். சில துறைகள், உளவியல் அல்லது சமூக அறிவியல் துறை நடத்திய பாடம்தான் வேண்டும் என்று சொல்லும். வீம்புக்குச் சொல்வதில்லை. காரணம் என்ன என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பதற்றத்தை அளக்கும் ஒரு வினாத்தாள், பத்துக் கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை பதில். "சிறு விஷயத்துக்கும் பதறிவிடுகிறேன்" என்பதற்கு 5 போட்டவருக்குப் பதற்றம் அதிகம். நடுவில் "பெரும்பாலும் என் மனம் அமைதியாக இருக்கிறது" என்று ஒன்று வருகிறது. இதற்கு 5 போட்டவருக்குப் பதற்றம் குறைவு. கூட்டுவதற்கு முன் இந்தக் கூற்றின் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழித்துத் திருப்பிப் போட வேண்டும்: 5 என்பது 1 ஆகும், 2 என்பது 4 ஆகும். மறந்தால் என்ன நடக்கும்? மென்பொருள் பிழை எதையும் காட்டாது. கூட்டுத்தொகையும் வரும், சராசரியும் வரும். அளவுகோலின் உள் ஒத்திசைவைச் சொல்லும் குரோன்பாக் ஆல்பா மட்டும் குறைந்திருக்கும். பழக்கமில்லாதவர், அந்தக் கூற்று சரியில்லை என்று நினைத்து அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். பழகியவர் ஒவ்வொரு கூற்றுக்கும் மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை) பார்ப்பார், ஒன்றுக்கு மட்டும் கழித்தல் குறி இருப்பதைக் கண்டதும் திருப்பிப் போடாமல் விட்டது புரிந்துவிடும். வணிகப் புள்ளியியலில் இப்படி ஒரு தேவையே பெரும்பாலும் வராது. உளவியல் ஆய்வகத்திலோ இது முதல் வார வேலை.

இன்னொன்று, எத்தனை பேரை வைத்து ஆய்வு செய்வது என்ற கணக்கு. இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வேறுபாட்டை, அதாவது கோஹனின் டி 0.5, 80 விழுக்காட்டு வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். வேறுபாடு சிறியதாக, டி 0.2 அளவில் இருந்தால் குழுவுக்கு 390-க்கும் மேல். இந்த இரண்டு எண்களின் பொருள் விளங்கியவர், 20 பேரை வைத்துச் செய்த ஆய்வைப் படிக்கும்போது தானாகவே நிதானிப்பார். சேர்க்கைக் குழுவின் நேர்காணலில் சோதித்துப் பார்ப்பதும் ஏறத்தாழ இந்த நிதானத்தைத்தான்.

எனவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சிலபஸில் டி சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, ஒட்டுறவு, தொடர்புப் போக்கு, கை-வர்க்கம், விளைவின் அளவு ஆகியவை இருக்கின்றனவா, ஆர், ஜாஸ்ப், எஸ்பிஎஸ்எஸ் ஆகிய புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்றிலாவது நீங்களே செய்து பார்க்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். ஆய்வு முறையியலில், அமெரிக்க உளவியல் சங்கத்தின் நடையில் ஒரு முழு ஆய்வறிக்கை எழுத வேண்டுமா என்று பாருங்கள். அந்த அறிக்கைதான் பிறகு விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரி ஆகும்.

வழிகள்

*இரண்டாவது இளங்கலைப் பட்டம்.* பழைய பட்டத்தின் கிரெடிட்களை மாற்றிக்கொள்ள விட்டால் வழக்கமாக இரண்டாண்டு ஆகும். மூன்று பேருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, பழைய மதிப்பெண்கள் மிகவும் தாழ்ந்திருப்பவர். ஐந்து பாடத்தில் வாங்கிய நல்ல கிரேடு, முன்பு நாற்பது பாடத்தில் சறுக்கியதை மறைக்காது. இரண்டாண்டு தொடர்ந்து நன்றாகப் படித்தால் கதை மாறும். இரண்டாவது, பட்டத்தின் பெயரைப் பார்க்கும் நாட்டுக்குப் போகிறவர். மூன்றாவது, ஆனர்ஸ் ஆய்வேடு எழுதும் வாய்ப்பு உறுதியாகக் கிடைக்கிறவர். மற்றவர்களுக்கு இது பட்டத்துக்காகத் தேவையில்லாத பாடங்களையும் படிக்க வைக்கும்.

*மாற்றுப் பட்டப்படிப்பு.* இரண்டாவது வகை நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இதை விட்டால் பெரும்பாலும் வேறு நல்ல வழி இல்லை, ஒப்பிட வேண்டியதும் இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் சேரும் ஆண்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதை, கல்லூரியின் பக்கத்தில் அல்லாமல் அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் பாருங்கள். தலைப்பில் "உளவியல்" என்று இருக்கும் எல்லா முதுகலையும் மாற்றுப் படிப்பு ஆகாது. ஓராண்டுப் படிப்பில் இன்னொரு நெருக்கடி உண்டு. ஆய்வேட்டுக்கு வழிகாட்டியை முதல் சில வாரங்களிலேயே பிடித்தாக வேண்டும், அப்போது உங்களுக்கு எதில் ஆர்வம் என்றே தெளிந்திருக்காது. முடிந்தால் இரண்டாண்டுப் பகுதிநேரம் நல்லது.

*பட்டத்துக்குப் பிந்தைய சான்றிதழ்த் திட்டம்.* வேலை மாறுகிறவர்களுக்கென்றே ஒழுங்கு செய்யப்பட்டது: குறித்த பாடங்கள், ஒரு வழிகாட்டி, கூடப் படிக்கும் குழு, சில இடங்களில் ஆய்வகத்திலோ சேவை மையத்திலோ பணி. ஓராண்டிலிருந்து இரண்டாண்டு. தனித்தனியாக எடுப்பதைவிடச் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவுக்கு என்ன கிடைக்கிறது என்பதைச் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். ஆய்வக இடத்துக்கு உத்தரவாதம் உண்டா, அல்லது "உதவி செய்வோம்" மட்டும்தானா? பாடம் நடத்துகிறவர்கள் ஆய்வு செய்யும் பேராசிரியர்களா? கிரேடு முறையான மதிப்பெண் பட்டியலில் வருமா, அல்லது சான்றிதழில் மட்டும் நின்றுவிடுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் பணம் வீணில்லை. முதல் கேள்விக்கு மழுப்பினால், அதே பாடங்களைத் தனியாக எடுப்பதே மேல்.

*தனித்தனிப் பாடங்கள்.* பட்டத்துக்குச் சேராமல் வேண்டிய பாடங்களுக்கு மட்டும் பதிவு செய்துகொள்வது. பாடங்களை எண்ணும் படிப்புகளுக்குப் போகிற பெரும்பாலோருக்கு இதுதான் எங்கள் முதல் பரிந்துரை. செலவு குறைவு, வேலையை விடாமல் படிக்கலாம், தெரிந்த பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதில்லை. சிக்கல் இடம் கிடைப்பதில்தான். பட்ட மாணவர்கள் முதலில் பதிவு செய்வார்கள், உங்களுக்கு மிஞ்சிய இடம். அறிமுக உளவியலில் எப்போதும் இடம் இருக்கும். ஆய்வக நேரத்தோடு வரும் ஆய்வு முறையியல் சிறிய வகுப்பு, அதுதான் நிரம்பிவிடும். பதிவு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஆசிரியருக்கு எழுதுங்கள், காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுங்கள், முதல் வகுப்புக்கு நேரில் போய் உட்காருங்கள். முதல் வாரத்தில் யாராவது விலகுவார்கள். கல்விக் கடனும் உதவித்தொகையும் பட்டத்துக்குச் சேராதவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகள் இருக்கும் இடங்களில் அறிமுக உளவியலையும் புள்ளியியலையும் அங்கே முடித்துவிட்டு, ஆய்வு முறையியலையும் மேல்நிலைப் பாடங்களையும் ஆய்வு நடக்கும் பல்கலைக்கழகத்தில் எடுப்பது சிக்கனமான ஏற்பாடு. எல்லாவற்றையும் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்தால், பாடங்கள் இருக்கும், சொல்ல ஆள் இருக்காது.

*ஆன்லைனில் கிரெடிட் பாடங்கள்.* அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் நடத்தி, கிரேடு தந்தால் நேர்வகுப்புக்குச் சமமாகவே பல துறைகள் எடுத்துக்கொள்கின்றன. ஆய்வு முறையியலை மட்டும் சிலர் நேர்வகுப்பில் கேட்பார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பதிவுசெய்த காணொளிகளைப் பார்த்துத் தேர்வெழுதி முடித்தவரைப் பற்றி ஆசிரியருக்கு எழுத ஒன்றும் இருக்காது. "வகுப்பில் ஏ வாங்கினார்" என்ற கடிதம் கடிதமே இல்லை. ஆன்லைனில்தான் முடியும் என்றால், நேரலை வகுப்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், ஆசிரியரின் சந்திப்பு நேரத்துக்குத் தவறாமல் போங்கள், அருகிலுள்ள ஏதாவது ஓர் ஆய்வகத்தில் வாரம் சில மணி நேரமாவது சேர்ந்துகொள்ளுங்கள்.

எல்லாருக்கும் திறந்த ஆன்லைன் பாடங்கள், கோர்செரா, எட்எக்ஸ் போன்ற தளங்களில் இருப்பவை, இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்று தொட்டுப் பார்க்க அருமையானவை. பதிவு செய்வதற்கு முன் கோடையில் புள்ளியியலை ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும் பயன்படும். ஆனால் அந்தச் சான்றிதழ் முன்பாடத் தேவையை நிறைவேற்றாது.

*சொந்தமாகப் படித்து ஜிஆர்இ உளவியல் தேர்வு (அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான பாடத் தேர்வு).* உயிரியல், அறிகை, சமூகம், வளர்ச்சி, மருத்துவம், அளவீடும் முறையியலும் என்று ஆறு பகுதிகளில் இந்தத் தேர்வு மதிப்பெண் தருகிறது. செப்டம்பர், அக்டோபர், ஏப்ரல் மாதங்களில் நடக்கும். இதைக் கட்டாயம் கேட்கும் துறைகள் இப்போது குறைவு. உளவியல் பட்டம் இல்லாதவர்கள் அடிப்படை அறிவைக் காட்ட இதைப் பயன்படுத்தலாம் என்று சில துறைகள் சொல்கின்றன. அங்கு மட்டும் எழுதுங்கள். புள்ளியியல், ஆய்வு முறையியல் பாடங்களுக்கு இது மாற்று ஆகாது.

மணி நேரமும் மாதமும்

3 கிரெடிட் பாடத்துக்கு வாரம் 3 மணி வகுப்பு, அதற்கு இரு மடங்கு வீட்டுப் படிப்பு என்பது பழைய கணக்கு. ஆக, பாடத்துக்கு வாரம் 9 மணி. முழுநேர வேலையில் இருப்பவர் இரண்டு பாடம் எடுத்தால் 18 மணி, அதாவது வார நாள் மாலைகளும் ஒரு முழு விடுமுறை நாளும். மூன்று எடுத்தால் 27. அதைச் சமாளித்துவிடலாம் என்று தொடங்கியவர்களின் கிரேடு நவம்பரில் இறங்கிவிடுகிறது. ஆறு பாடங்களை நல்ல கிரேடில் முடிப்பது, ஒன்பதை நடுத்தரமாக முடிப்பதைவிடப் பல மடங்கு மேல். புள்ளியியல் எடுக்கும் செமஸ்டரில் அதோடு இலகுவான ஒன்றை மட்டும் சேருங்கள்.

அமெரிக்க முனைவர் படிப்புகளுக்கான கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பரில் வரும், சில நவம்பர் இறுதியிலேயே. வகுப்பு தொடங்குவது அடுத்த ஆண்டு இலையுதிர் காலம். ஜனவரியில் அறிமுக உளவியலும் புள்ளியியலும் தொடங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் பிறழ்நிலை உளவியல். செப்டம்பரில் ஆய்வு முறையியல். டிசம்பர் முதல் நாள் விண்ணப்பம் போகும்போது ஆய்வு முறையியலுக்கு நேரே கிரேடு இருக்காது, "நடப்பில் உள்ளது" என்றுதான் இருக்கும். அந்த ஆசிரியர் உங்களை மூன்று மாதமாகத்தான் பார்க்கிறார். காகிதத்தில் எல்லாத் தேவையும் நிறைவேறியதுபோல் தெரியும், ஆனால் விண்ணப்பத்தின் பலமான பகுதி இன்னும் பழுக்கவே இல்லை. அதே திட்டத்தை இன்னோர் ஆண்டு நீட்டினால், ஆய்வு முறையியல் ஆசிரியரின் ஆய்வகத்திலேயே ஜனவரி முதல் நவம்பர் வரை இருக்கலாம். முதுகலைக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் போதும். முனைவர் படிப்புக்குப் பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதம் என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்காகப் பேசும் ஆசிரியர்

வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள். முனைவர் படிப்புக்கு அவற்றில் குறைந்தது இரண்டு, படிப்பிலும் ஆய்விலும் உங்களைக் கண்டவர்களிடமிருந்து வர வேண்டும். பழைய மேலாளரின் கடிதம் உழைப்பையும் நேர்மையையும் சொல்லும், ஆய்வுத் திறனைப் பற்றி அவரால் பேச முடியாது. பத்தாண்டுக்கு முந்தைய கல்லூரிப் பேராசிரியருக்கு உங்கள் முகம் நினைவில் இருக்குமா என்பதே சந்தேகம்.

ஆய்வகத்தில் தன்னார்வலராகச் சேர்கிறவரிடம் வாரம் 8 முதல் 10 மணி நேரம், குறைந்தது இரண்டு செமஸ்டர் எதிர்பார்ப்பார்கள். முதலில் மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான நெறிமுறைப் பயிற்சியை முடிக்க வேண்டும். அதன்பின் பங்கேற்பாளர்களுக்கு நேரம் குறிப்பது, நேர்காணல்களை எழுத்தாக்குவது, பதில்களைக் குறியீடு செய்வது, அதாவது வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு கொடுப்பது. குறியீடு செய்வதில் இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கோஹனின் கப்பாவால் பார்ப்பார்கள். உங்கள் எண் மட்டும் தாழ்ந்தால் குறியீட்டு விதிப் புத்தகத்தோடு மறுபடி உட்கார வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் ஆசிரியர் கடிதத்தில் எழுதுவது இந்த வேலையில் கண்ட கவனத்தைத்தான். ஆறு மாதத்துக்குப் பின், "இந்தத் தரவில் ஒரு சிறு கேள்வியை நான் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மாநாட்டுச் சுவரொட்டி ஒன்றாக அது வளரலாம்.

ஆய்வக மின்னஞ்சலில் உங்கள் பழைய தொழிலை மறைக்க வேண்டாம். நிரல் எழுதத் தெரிந்தவர், தரவுத்தளம் கையாண்டவர், மருத்துவமனையில் நோயாளிகளோடு பேசிப் பழகியவர், வகுப்பறையில் குழந்தைகளை வைத்து நடத்தியவர் — ஆய்வகங்களுக்கு இவர்கள் கிடைப்பது அரிது. கணினித் துறையினருக்கு அறிகை உளவியலும் உளவியல் அளவீடும், மனிதவளத் துறையினருக்குத் தொழில்-நிறுவன உளவியலும், ஆசிரியர்களுக்குப் பள்ளி உளவியலும் வளர்ச்சி உளவியலும், செவிலியருக்கு உடல்நல உளவியலும் பக்கத்து வீடு மாதிரி. விருப்பப் பாடத்தை அந்தப் பக்கமாக எடுத்தால் ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தில் எழுதும் நோக்க அறிக்கையும் தானே ஒட்டி வரும்.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகும் தவறுகள்

தேர்ச்சி/தோல்வி முறையில் முன்பாடங்களை எடுக்காதீர்கள். எழுத்துக் கிரேடு கேட்கும் துறைகளே அதிகம். "பி அல்லது அதற்கு மேல்" என்று இருந்தால் பி மைனஸ் சேராது. கேட்கும் மாணவராக உட்காரும் ஆடிட் முறை எதற்கும் கணக்கில் வராது.

பழைய பாடங்களுக்குக் காலாவதி உண்டு. சில துறைகள் ஐந்து ஆண்டுக்குள், சில பத்து ஆண்டுக்குள் படித்ததை மட்டுமே ஏற்கும். இளங்கலையில் துணைப்பாடமாகப் படித்த உளவியலை நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

வேறொரு நாட்டில் பட்டம் வாங்கியவர்கள் பாடவாரியான மதிப்பீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டம் சமமானது என்று மட்டும் சொல்லும் பொதுவான அறிக்கையில் முன்பாடம் எதுவும் தெரியாது. பழைய கல்லூரியிலிருந்து மூடிய உறையில் மதிப்பெண் பட்டியல் வர மாதங்கள் ஆகலாம், அதை முதல் வாரமே தொடங்கிவிடுங்கள்.

எடுக்கும் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும், வாரவாரித் தலைப்புகளோடு, பிடிஎஃப்பாக உங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் முடிந்ததும் வகுப்புத் தளத்துக்குள் நுழைய முடியாமல் போகும். "நடத்தை அறிவியல் முறைகள்" என்ற பெயரில் நீங்கள் படித்தது ஆய்வு முறையியல்தான் என்று காட்ட, பிறகு அந்த ஒரு பக்கம்தான் உதவும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல்

சேர விரும்பும் ஐந்தாறு படிப்புகளின் சேர்க்கை ஒருங்கிணைப்பாளர்களுக்குத் தனித்தனியே எழுதுங்கள். நீளமாக வேண்டாம். எந்தப் பட்டம், எந்த ஆண்டு என்று ஒரு வரி. பிறகு எண்ணிட்ட நான்கு கேள்விகள்: இன்ன எண்ணும் பெயரும் கொண்ட இந்தப் பாடம் உங்கள் புள்ளியியல் தேவையை நிறைவேற்றுமா (சிலபஸ் இணைத்துள்ளேன்); ஆன்லைனில் எடுத்தால் ஏற்பீர்களா; விண்ணப்பிக்கும்போதே முடித்திருக்க வேண்டுமா, அல்லது வகுப்பில் சேர்வதற்கு முன் முடித்தால் போதுமா; எத்தனை ஆண்டுக்கு முன் படித்தது வரை செல்லும்?

பதில்களை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், எல்லாரும் கேட்கும் பாடங்கள் எவை, ஒருவர் மட்டும் கேட்பது எது என்று தெரிந்துவிடும். எல்லாரும் கேட்பதை முதல் செமஸ்டரில் வையுங்கள். ஒருவர் மட்டும் கேட்பதைக் கடைசிக்கு விடுங்கள், அந்தப் படிப்பே அதற்குள் பட்டியலிலிருந்து போய்விடலாம். பதில் மின்னஞ்சல்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். "பொதுவாக ஏற்போம்" என்று வந்தால், இந்தக் குறிப்பிட்ட பாடத்தை ஏற்பீர்களா என்று மறுபடியும் கேளுங்கள்.